கிணற்றின் மேல் ஓர் அறை

என் வீட்டை ஒட்டிய மனையில் ஒரு கிணறு இருந்ததை மறைத்து, அந்த மனையை நான் விற்றேன். மறதியால் அல்ல. அங்கே கிணறு இருந்ததற்கு மிச்சமிருந்த ஒரே அடையாளத்தை, மனை பார்க்க ஒருவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் கையாலேயே ரம்பம் போட்டு அறுத்தேன். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தால் அவற்றுக்குள்ளேயே ஒளிந்துகொள்வேன் என்று தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில் ஓர் ஏரியை ஒட்டி எங்கள் தெரு இருக்கிறது. தெருவின் கடைசி வீடு என்னுடையது. அதற்கும் அப்பால் இருந்த வெற்று மனையும் என்னுடையதுதான். இரண்டையும் சேர்த்தே வாங்கியிருந்தேன். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்பதற்குச் சாட்சியாக அந்த மனையின் பின்பக்கத்தில் கருங்கல் சுற்றிய ஒரு பாசனக் கிணறு இருந்தது. பன்னிரண்டு அடி அகலம். ஆழம் எவ்வளவு என்று நாங்கள் பார்த்ததில்லை. ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன் நான். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் கூடத்தில் மார்பளவு தண்ணீர். நானும் என் மனைவியும் மாடியில் இரண்டு நாள் கிடந்தோம். தண்ணீர் வடிந்ததும் தெருவில் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். எங்கேயோ இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் கான்கிரீட் கட்டிகளையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டித் தங்கள் இடத்தை மேடாக்கினார்கள். என் வெற்று மனையும் மேடானது. தெருப் பக்கம் இடுப்பளவு. நிலம் சரிந்து இறங்கும் ஏரிப் பக்கம் இரண்டு ஆள் உயரம். அந்தப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் கட்டவில்லை. ஒரு மழை பெய்தால் மண் தானாக இறுகிவிடும் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

கிணற்றில் இடிபாட்டைக் கொட்டப் போகும்போது லாரிக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரு சார். கொழா நிக்க வெக்காம கெணத்த மூடக் கூடாது."

"எதுக்குப்பா?"

"கெணறு மூச்சு உடணும் சார். மூடிட்டா செத்துடுமா அது?"

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். கிணறு மூச்சு விடும் என்பதைக் கேட்டு நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "வெச்சுட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்றாள். அடிப்பாகத்தில் ஓட்டை போட்ட நாலு அங்குலக் குழாய் ஒன்றைக் கிணற்றின் நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி இடிபாட்டைக் கொட்டி மூடினார்கள். குழாயின் வாய் மட்டும் தரைக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது.

அதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை என்று மழைக்காலத்தில் புரிந்தது. ஏரி நிறைய நிறைய நிலத்தடி நீரும் ஏறும். இடிபாட்டின் இடுக்குகளில் இருக்கும் காற்றை அது மேலே தள்ளும். காற்றுக்கு வழி வேண்டும். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தால் ஈரமான, மெதுவான ஒரு காற்று முட்டும். சற்று நிற்கும். மறுபடி முட்டும். எனக்கு அது அழுத்த வேறுபாடு. என் மனைவி அந்தப் பக்கம் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டாள்.

வெள்ளத்துக்குப் பிறகு கடைசி வீட்டில் தனியாக இருப்பது எங்களுக்குப் பயமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ராத்திரி ஏதாவது ஆனால் குரல் கொடுக்க ஓர் அண்டை வீடு வேண்டும் என்றுதான் மனையை விற்க நினைத்தோம். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் குழாயைப் பார்த்து, "இது இன்னா சார்?" என்றார்கள். கிணறு என்று சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவதாக ஒருவர் வருகிறேன் என்று போன் செய்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் குழாயைத் தரைக்கு ஓரடி கீழே வரை தோண்டி அறுத்தேன். வாயில் கல்லை வைத்து, சிமெண்ட் பூசி, மண்ணைத் தள்ளி மூடினேன். சிமெண்ட் இறுகுவதற்குள் இரண்டு முறை நடுவில் குமிழி விட்டது. இரண்டு முறையும் கரணையால் தட்டித் தேய்த்தேன்.

"சொல்லிட்டு வில்லுங்க," என்றாள் என் மனைவி.

"கேட்டா சொல்றேன்."

மனை பார்க்க வந்தவர் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. பம்மலில் செருப்பின் மேல்பாகம் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் இளைஞர் அவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். பத்திரத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். "நீங்க வாத்தியாரு சார். உங்க வாய் வார்த்தை போதும்," என்றார்.

நல்ல மனிதர்கள் என்று எழுதுவது அவர்களுக்குப் போதாது. இரண்டு வருடம் கழித்து என் மனைவி படுக்கையில் விழுந்தபோது, அவர் மனைவிதான் தினமும் இரண்டு வேளை வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டாள். என் மனைவி சாகும்வரை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் வீடு ஆழமான அஸ்திவாரத்தில், மனையின் முன்பக்கத்தில் நின்றது. அதனால் சில வருடம் நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு பின்னால் ஓர் அறை எடுத்தார்கள், தையல் மிஷின் போடவும் தொழவும். ஒரு காலை எழுந்து என் மாடியிலிருந்து பார்த்தால், கிணறு இருந்த இடத்தின் மேல் சதுரமாகச் சுண்ணாம்புக் கோடு. ஆழம் முழங்கால் அளவு போதும், ஒரே ஒரு அறைதானே என்று முடிவு செய்திருந்தார்கள். அவர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"சார், கீழ வாங்க. மொத கல்லு நீங்கதான் வெக்கணும்."

"நான் எதுக்குத் தம்பி? உங்க பெரியவங்க யாராவது..."

"எங்களுக்கு இங்க பெரியவங்க நீங்கதானே சார்? வாங்க, ஃபிக்ர் பண்ணாதீங்க, கவலப்பட ஒண்ணுமில்ல."

போனேன். வைத்தேன். செங்கல்லைக் கலவைமேல் கோடு தவறிக் கோணலாக வைத்ததைப் பார்த்து, வயசாயிடுச்சு சாருக்கு என்று கொத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை அவர் மனைவி மதிலருகே வந்து நின்றாள். எதையும் என்னிடம் கேட்பாள். இன்வெர்ட்டர் ஏன் சத்தம் போடுகிறது, பால் குக்கர் ஏன் விசிலடிக்கிறது, பெரியவளுக்கு ஒளிவிலகல் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எல்லாவற்றையும்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது."

"கேளும்மா."

"காலைல ஃபஜ்ர் தொழும்போது சஜ்தாவுக்குப் போறேன் இல்ல, நெத்தி தரையில படும்போது, கீழ யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு சார். இழுத்து விடுது. அப்புறம் கொஞ்ச நேரம் நிக்குது. நான் தலையத் தூக்குற வரைக்கும் காத்துக்கினு இருக்குற மாதிரி. அவர்கிட்ட சொன்னா, தூக்கத்துல தொழுறியான்னு கிண்டல் பண்றாரு."

அவள் சொன்ன அந்த இடைவெளியை என் உள்ளங்கைக்குத் தெரியும்.

"சாக்கடைக் குழாயில காத்து அடைச்சிருக்கும்மா," என்றேன். "மழைக்கு அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் பயமில்ல."

அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "பாத்தீங்களா, உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்பதால் அல்ல. சார் சொல்லிவிட்டார் என்பதால். ஒவ்வொரு நாளும் விடியலில் அவள் அந்தத் தரையில் நெற்றியை வைத்தாள் என்பதை நினைத்து, அந்த நேரத்துக்குச் சரியாக நான் விழித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் ஏரி முழுவதும் நிறைந்தது. தண்ணீர் எங்கள் மேட்டின் பாதிவரை ஏறி நின்றது. தெருவே தூங்கவில்லை. அடுத்த நாள் மறுகரையில் வழி வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பார்க்கப் பார்க்க ஏரி இறங்கியது. ஒரே நாளில் என் தோளுயரம் இறங்கியிருக்கும். ஆபத்து போய்விட்டது என்று தெருவில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். நான்கூடச் சாப்பிட்டேன். ஊறிய மேட்டை அதுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்ததே அந்தத் தண்ணீர்தான் என்று எனக்குப் படவில்லை. நான் பாடம் நடத்திய விஷயம் அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கூப்பிட்டார். பின் அறைக்கு வெளியே, ஏரியைப் பார்த்த முற்றத்தில், பிறை போல வளைந்து ஒரு விரிசல். கைவிரல்கள் நான்கும் நுழையும் அகலம். துணி உலர்த்தும் இரும்புக் கம்பம் இரண்டும் ஏரிப் பக்கம் சாய்ந்திருந்தன. கொடி அறுந்துவிடும் போல விறைத்து நின்றது. அதில் பெண்களின் பள்ளிச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை. சீருடை ஆடிக்கொண்டிருந்தது.

முடிச்சூரிலிருந்து ஒரு மேஸ்திரி ஐந்து ஆட்களோடு வந்தார். ஏரிக்கரை உடைப்புகளை அடைத்துப் பழகியவர். விரிசலில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார், மேட்டின் அடியில் சேற்றில் இறங்கி நின்று பார்த்தார், அங்கிருந்தே கத்தினார்.

"பாய், வூட்ல கீறவங்கள முன்னாடி ரூமுக்கு அனுப்பு. மேல டேங்கு தண்ணிய தொறந்து வுடு. அந்த செங்கல் குமியத் தெருவுக்கு மாத்து. வெயிட்டு ஆகாது."

"ஜேசிபி சொல்லட்டுமா அண்ணா?"

"ஜேசிபி வந்தா அது ஆட்ற ஆட்டத்துலயே மொத்தமும் ஏரிக்கு பூடும். கை வேலதான்."

விரிசலில் மழை இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மேட்டின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அதன் முன்னால் சவுக்குக் கம்புகளை நெருக்கமாக அடித்து இறக்கி வேலி கட்டுவது, சரிவின் நடுவில் இன்னொரு வரிசை அடிப்பது என்று திட்டம். எனக்கு நாற்காலி போட்டார்கள். எவ்வளவு சாய்வு, எங்கே அடி என்று நானும் யோசனை சொன்னேன். "சாரு சொன்னா கரீட்டா கீது," என்றார் மேஸ்திரி. அடியிலிருந்து ஒரு கசிவு வந்துகொண்டிருந்தது. டீ நிறத்தில். அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல மழ நின்னு போச்சு. ஏரியும் எறங்கிச்சு. இன்னும் எங்கேர்ந்து வருது இந்தத் தண்ணி?" என்றவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், நீ பழைய ஆளு. இங்க கீழ கெணறு கிணறு ஏதாச்சும் கீதா?"

அவர் பக்கத்தில் என் அண்டை வீட்டுக்காரர் நின்றார். சன்னலில் அவர் மனைவி நின்றாள். பெண்களை முன் அறையில் விட்டுவிட்டுத் தையல் மிஷினை நகர்த்த அங்கே வந்திருந்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றேன்.

நடு வரிசைக்கு ஏழெட்டுக் கம்புகள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் சம்மட்டி அடி இருபது, முப்பது. அடுத்த கம்பு, அறைக்கு நேர் கீழே. மூன்றாவது அடியில் அது தானாக இறங்க ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. அவசரமில்லாமல், யாரோ கீழிருந்து வாங்கிக்கொள்வது போல, ஆளுயரக் கம்பு முழுவதும் உள்ளே போய் மறைந்தது. துளையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. பழைய பாசி, துரு, மூடிவைத்த பாத்திரம் எல்லாம் கலந்த நாற்றம். தாம்பாளம் அளவுக்குத் தரை உள்வாங்கியது. சம்மட்டி பிடித்திருந்தவர் இடுப்புவரை அதற்குள் இறங்கிவிட்டார். கத்தக்கூட இல்லை. இரண்டு கைகளையும் விரித்து மண்ணைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

தார்ப்பாய்க் கயிற்றை வீசி நாலு பேர் இழுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கால்ல எதுவும் தட்டல மேஸ்திரி. கீழ ஒண்ணுமே இல்ல. இது இன்னா எடம்?"

நான் எழுந்து நின்றேன். "கிணறு," என்றேன். "பன்னிரண்டடி கிணறு. நான்தான் மூடினேன். குழாய் இருந்தது. மனையை விக்கறதுக்காக அறுத்துட்டேன்."

மேஸ்திரிதான் முதலில் பேசினார்.

"யோவ், படிச்ச மனுசன் பண்ற வேலையாயா இது? என் ஆளு செத்திருந்தா அவன் பொண்டாட்டிக்கு நீ பாடம் நடத்தியிருப்பியா?"

நான் அண்டை வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் மெதுவாக, விஷயம் தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார்.

"எம் பொண்டாட்டி உங்ககிட்ட வந்து கேட்டாளே சார், மூச்சு சத்தம்னு. அப்ப தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"மொதக் கல்லு வெச்சப்ப?"

"தெரியும் தம்பி."

சன்னலில் அவள் இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டிருந்தாள்.

"பஞ்சாயத்து அப்பறம் வெச்சுக்கோங்க," என்றார் மேஸ்திரி. "கெணறுன்னா வேலயே வேற. கொழா எங்க கீது, கரீட்டா காட்டு."

என் மதிலிலிருந்து ஒன்பது அடி, பின் அறையின் முன் சுவரிலிருந்து நாலு அடி. நினைத்துப் பார்க்கத் தேவையே இல்லாமல் நடந்து போய் நின்றேன். தொழுகைப் பாய் விரிக்கும் இடம். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் ஒதுங்கி நின்றார். டைல்ஸை உடைத்தார்கள், மண்ணை எடுத்தார்கள். என் சிமெண்ட் மூடி வந்தது. மேலே என் கரணையின் தடம்கூட அழியவில்லை. கடப்பாரையின் முதல் குத்திலேயே அது எகிறியது. உள்ளேயிருந்து காற்று சீறிக்கொண்டு கிளம்பி, அறையிலிருந்த சிமெண்ட் தூளையெல்லாம் கூரைக்குத் தூக்கியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தோம், வெகுநேரம் நிற்கவில்லை. ஆட்களில் ஒருவர் வெளியே போய் நின்றுகொண்டார். கடைசியில் சீறல் ஓய்ந்து, குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

போர்வெல்லுக்குப் போடும் ஒல்லியான மோட்டாரை அதே குழாய்க்குள் இறக்கி, கிணற்றுத் தண்ணீரை ஏரிக்கு இறைத்தார்கள். மதியம் மூன்று மணிவாக்கில் அடிக் கசிவு டீ நிறத்திலிருந்து கஞ்சி நிறத்துக்கு மாறியது. ஐந்து மணிக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது.

"கலங்கித் தண்ணி வந்தா மண்ணு கூடவே போவுதுன்னு அர்த்தம்," என்றார் மேஸ்திரி. "தெளிஞ்சிட்டா நின்னுக்கிச்சு. அந்தக் கொழா மட்டும் மேல இருந்திருந்தா வருசா வருசம் பாத்துகினு இருந்திருக்கலாம். வூடு தப்பிச்சுது. ஆனா சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன். இன்னும் ரெண்டு மூணு மழ பாக்கணும்."

அன்றைக்கே அவர்கள் பம்மலில் பட்டறைக்கு மேல் இருந்த ஓர் ஒற்றை அறைக்குப் போய்விட்டார்கள். அவள் என்னைத் தாண்டித்தான் ஆட்டோவில் ஏறினாள். திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என் இடத்தில் ஒரு கம்பம் நின்றிருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

மழை முடிந்ததும் சரிவைச் சாய்வாக வெட்டி, அடியில் கம்பிவலைக்குள் கருங்கல் அடுக்கி, மேலே வெட்டிவேர் நட்டோம். அந்தச் செலவு என்னுடையது; அதைப் பரிகாரமாக நான் எண்ணவில்லை. வீடு நின்றது. அவர்கள் திரும்பவில்லை. அவர் அதை விற்கப் பார்த்தார். வந்தவர்களை நானே என் மாடியிலிருந்து பார்த்தேன். ஒவ்வொருவரையும் அவர் நேராகப் பின் அறைக்குக் கூட்டிப்போய், உடைத்த தரையைக் காட்டி, "இங்க ஒரு கெணறு இருக்கு," என்று தொடங்கினார். ஒவ்வொருவரும் வந்த வழியே போனார்கள்.

நான் பம்மலுக்குப் போனேன். பட்டறையின் தோல் வாசனையில், தையல் மிஷின்களின் இரைச்சலில் நின்றுகொண்டு சொன்னேன். "என் வீட்டுக்கு நீங்க வந்துடுங்க தம்பி. உங்க வீட்டை எனக்குக் குடுங்க. பத்திரத்தை மாத்தி எழுதிக்கலாம்."

"வேணாம் சார்."

"நான் தனி ஆள். எனக்கு என்ன ஆனாலும்..."

"அதான் வேணாம்ன்றேன். பள்ளம்னு தெரிஞ்சே ஒரு வயசானவர அங்க தள்ளிட்டு, நாங்க இந்தப் பக்கம் தூங்குவோமா? உங்களுக்கு வரும் சார் அந்தத் தூக்கம். எங்களுக்கு வராது."

நியாயமான வார்த்தை. நாலு முறை போனேன். ஐந்தாவது முறை அவரே வந்தார். ஒற்றை அறையில் நாலு பேரால் இருக்க முடியவில்லை. "ஒரு கண்டிஷன் சார். அந்தப் பின் ரூம்ல நீங்க படுக்கக் கூடாது."

பரிவர்த்தனைப் பத்திரம் எழுதுகிறவரிடம், சொத்து விவரத்தில் கிணற்றையும் அதன் இடத்தையும் அளவோடு எழுதச் சொன்னேன். "மூடின கெணத்த யாரு சார் எழுதுவாங்க? அப்புறம் ஊர்ல பாதிப் பத்திரத்துல கெணறு எழுத வேண்டியதாயிடும்," என்றார். எழுதுங்கள் என்றேன்.

இப்படியாக நான் அந்தக் கிணற்று வீட்டுக்குப் போனேன். முன் கூடத்தில் படுத்துக்கொண்டேன். அறுத்த குழாயின் மேல் இன்னொரு குழாயை ஒட்டி, கூரை வழியாக வெளியே கொண்டுபோயிருந்தேன். தினமும் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, என்னுடையதாக இருந்த வீட்டிலிருந்து, அவர் ஒரு வார்த்தை கூப்பிடுவார். "சார்?" நான், "இருக்கேன்," என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் மனைவி பேசவே இல்லை. இன்வெர்ட்டர் எத்தனை முறை சத்தம் போட்டிருக்கும். வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டுக் காட்டினாள்.

இந்த வருட மழையில் ஏரி மறுபடி நிறைந்தது. நாலு நாளைக்கு முன் விடிந்தபோது எனக்குத் தூக்கம் கலைந்தது. பின் அறைக்குப் போய் முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்தேன். குழாய் திறந்திருக்கிறது. காற்று கூரைக்கு மேலே போகிறது. அந்தச் சத்தமும் அங்கே வெளியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குக் கீழேயும் கேட்டது. குழாயோடு சேராமல், தனியாக, வேறொரு தாளத்தில்.

"சார்?" என்று வெளியே குரல் வந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "சார்?" பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கதவு திறக்கும் சத்தம். செருப்போடு ஓடிவரும் காலடிகள். தலையைத் தூக்கினால் இருவரும் வாசலில் நின்றார்கள். அவள் மாவு கையோடு வந்திருந்தாள்.

"கூப்ட்டா ஒரு பதில் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். பிறகு நான் எங்கே, எப்படிக் கிடக்கிறேன் என்பதைப் பார்த்தாள். "கேக்குதா?"

ஒண்ணுமில்லம்மா என்பது வாய்வரை வந்துவிட்டது. அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.

"கேக்குதும்மா. ரெண்டு இடத்துல கேக்குது. ரெண்டாவது என்னன்னு எனக்குத் தெரியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் மன்னிப்பு இருந்தது என்று எழுத எனக்கு உரிமையில்லை. பிறகு கணவரிடம் திரும்பி, "மேஸ்திரிக்கு போன் போடுங்க," என்றாள். "சாரோட பாயும் தலகாணியும் நம்ம வூட்டுக்கு எடுத்துட்டு வாங்க. மாத்திரை டப்பா எங்கன்னு கேளுங்க."

மேஸ்திரி வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மழை விடும்வரை யாரும் அங்கே கால் வைக்க வேண்டாம் என்று பூட்டைப் போட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்திருக்கிறார். நான் அவர்கள் வீட்டின் மாடியறையில் இருக்கிறேன். மழை விடவில்லை. இன்று காலை அவள் கஞ்சியை வைத்துவிட்டு, சன்னல் வழியே அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்தபடி, "அது விழுந்துடுமா சார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.